பழைய மேக்புக்கில் லினக்ஸ்: அழிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

ரங்கூனில் நம்மவர் வீடுகளில் கண்ணில் படும் ஆப்பிள் மடிக்கணினிகளில் இரண்டு ரகம் அதிகம். ஒன்று, சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ புதிது வாங்கியதும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மேக்புக் ஏர், 2015 அல்லது 2017 மாடல். இன்னொன்று, டிவிடி டிரைவோடு வரும் கனமான 2012 மேக்புக் ப்ரோ. பல கை மாறி வந்தது. இரண்டும் உடம்பளவில் இன்னும் உறுதியாக இருக்கின்றன. ஆனால் 2012 மாடலுக்கு ஆப்பிள் தந்த கடைசி மேக்ஓஎஸ் (ஆப்பிளின் இயங்குதளம்) கேட்டலினா என்ற பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022இல் நின்றுவிட்டன. 2015, 2017 ஏர் இரண்டும் மான்டரே என்ற பதிப்போடு நிற்கின்றன. அதற்கும் 2024 ஜூலைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பிரவுசர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அப்புறம் கணினி நன்றாக இருந்தும் பயனில்லை.

விண்டோஸ் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆப்பிளின் பூட்கேம்ப் என்ற கருவி வழியாக விண்டோஸ் 10 ஏறும். ஆனால் அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எந்த இன்டெல் மேக்கிலும் கிடையாது. சுற்றுவழியில் ஏற்றினாலும் மைக்ரோசாப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. ஆகவே இந்தக் கணினிகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்தான் சரியான வழி. அதிலும் புதிதாக வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஏரின் ரேம் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது, கூட்ட முடியாது. இதை முதலிலேயே மனதில் வைத்துப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் நிறுவுவது அரை மணி நேர வேலை. அது யாருக்கும் கஷ்டமில்லை. கஷ்டப்படுபவர்கள் எல்லோருமே மேக்ஓஎஸ்ஸை அவசரப்பட்டு அழித்தவர்கள். கரண்ட் முறைவைத்து வரும், இணையம் இழுத்து இழுத்து வரும் நம் ஊரில், பழைய அமைப்பு உயிரோடு இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை பல. அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எந்த மாடலுக்கு இது தகும்

ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, இந்த மேக்கைப் பற்றி என்ற பகுதியில் ஆண்டைப் பாருங்கள். 2012 முதல் 2015 வரை வந்தவை லினக்ஸுக்கு மிகப் பொருத்தம். 2017 ஏரும் உள்ளே 2015 ஏரேதான்; தயங்க வேண்டாம். 2016, 2017 மேக்புக் ப்ரோக்களில் விசைப்பலகை ஓடும், ஆனால் ஒலிக்குத் தனி டிரைவர் தேட வேண்டும், வைஃபை பலவீனம், தூங்கி எழ நேரமாகும். முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

2018 முதல் 2020 வரையான இன்டெல் மேக்புக்குகளில் டி2 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறது. அதில் கமாண்ட், ஆர் விசைகளோடு ரிகவரிக்குள் போய், ஸ்டார்ட்அப் பாதுகாப்புக் கருவியில் பாதுகாப்பை முழுதும் தளர்த்தி, வெளி டிரைவிலிருந்து பூட் ஆக (கணினி தொடங்க) அனுமதி தர வேண்டும். அந்தக் கருவி மேக்ஓஎஸ் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்கும்; வட்டை முதலில் அழித்துவிட்டால் உள்ளே விடாது. அதோடு சாதாரண மின்ட்டில் அதன் விசைப்பலகையும் டிராக்பேடும் உயிர் பெறாது. டி2வுக்கென்று மாற்றிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வேண்டும். எம்1, எம்2 கணினிகளுக்கு ஆசாஹி என்ற தனித் திட்டம், ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டது, நன்றாக வளர்ந்திருக்கிறது. அது வேறு பாதை.

15 அங்குல 2011 மேக்புக் ப்ரோவை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் ஏஎம்டி கிராஃபிக்ஸ் சில்லு பழுதாவது உலகறிந்த சங்கதி. ஆப்பிளே 2015இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. லினக்ஸ் போட்டாலும் அந்த நோய் தீராது.

செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது ஒரு சோதனையை மட்டும் விடவே கூடாது. கணினியை அணைத்து, ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். டிரைவ் படங்கள் வரிசையாக வந்தால் நல்லது. பூட்டுப் படமும் கடவுச்சொல் கட்டமும் வந்தால், ஃபர்ம்வேருக்கு (கணினிக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கடவுச்சொல் தெரிந்த பழைய உரிமையாளர் திறக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிய ரசீதோடு ஆப்பிளிடம் போக வேண்டும். அந்தப் பூட்டு இருக்கும் வரை பென்டிரைவிலிருந்து எதுவும் பூட் ஆகாது.

அழிப்பதற்கு முன்

முதல் வேலை, அந்த மாடலுக்குக் கிடைக்கும் கடைசி மேக்ஓஎஸ் வரை அப்டேட் செய்வது. அழிக்கப்போகிற அமைப்பை ஏன் புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றும். மேக்கின் ஃபர்ம்வேர் அப்டேட் மேக்ஓஎஸ் வழியாக மட்டுமே வரும்; லினக்ஸுக்கு மாறிய பின் அதற்கு வழியில்லை. பிற்காலத்தில் ஏரின் எஸ்எஸ்டியை (உள் வட்டு) மாற்ற நினைப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்: அடாப்டர் போட்டுச் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொருத்தினால், ஹை சியரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு வந்த ஃபர்ம்வேரோ அதற்குப் பிந்தியதோ இருந்தால்தான் அதிலிருந்து பூட் ஆகும். ஃபர்ம்வேர் ஏறும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கணினி அணைந்துவிடவே கூடாது. சார்ஜ் நிறைய இருக்கும்போது, கரண்ட் இருக்கும் முறையில் செய்யுங்கள்.

அடுத்து கோப்புகள். மேக்கின் ஏபிஎஃப்எஸ் வட்டு வடிவத்தை மின்ட் தானாகப் படிக்காது. பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டைப் படிக்கும், எழுத விடாது. ஆகவே வெளி ஹார்டு டிஸ்க்கை, இரண்டு இயங்குதளமும் படித்து எழுதும் எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மேட் செய்து, அதில் நகலெடுங்கள். டைம் மெஷின் பேக்கப் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு அழித்தால், அதைத் திறக்க இன்னொரு மேக்கைத் தேடி அலைய வேண்டிவரும்.

வெறும் நகல் போதாத இடங்கள் மூன்று. ஆப்பிளின் பேஜஸ், நம்பர்ஸ் கோப்புகளை மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸ் நம்பும்படி திறக்காது. கோயில் கணக்கு, கடைக் கணக்கு எல்லாவற்றையும் வேர்டு, எக்ஸெல் வடிவில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப். ஃபோட்டோஸ் செயலியில் இடத்தை மிச்சப்படுத்தும் ஐகிளவுட் விருப்பம் போட்டிருந்தால், கணினியில் இருப்பவை சின்னப் பிரதிகள் மட்டுமே, அசல் படங்கள் ஆப்பிளின் சர்வரில் இருக்கும். அசலை இறக்கச் சொல்லி, முழுதும் இறங்கிய பிறகு ஏற்றுமதி செய்ய வேண்டும். நம் இணையத்தில் இது ஒரு வாரம்கூட ஆகலாம், இன்றே தொடங்கிவிடுங்கள். மூன்றாவது, தொடர்பு முகவரிகள். அவற்றை விகார்டு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மேக்ஓஎஸ் நிறுவியைத் தயார் செய்து, மேலே பெயர் எழுதி, பெட்டியில் வைத்துவிடுங்கள். நாளை கணினியை விற்க நேர்ந்தாலோ, லினக்ஸ் பிடிக்காமல் போனாலோ திரும்பிப்போக இதுதான் வழி. இணையம் வழியே ரிகவரி செய்யும் வசதி மேக்கில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பல ஜிபியை ஒரே மூச்சில் இறக்கும். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. அதை நம்பி இருக்காதீர்கள்.

மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் கோப்பு) சுமார் 3 ஜிபி. டாரன்ட் வழியாக இறக்குவதே நல்லது, விட்ட இடத்திலிருந்து தொடரும், கரண்ட் போனாலும் கவலையில்லை. இறக்கியதும் அந்தக் கோப்பின் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 64 எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் அந்தக் கோப்பு கெட்டது. நிறுவல் பாதியில் நிற்பது, காரணமில்லாத பிழைச்செய்தி வருவது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்தக் கெட்ட இறக்கமோ மட்டமான பென்டிரைவோதான் காரணம். பலேனா எட்சர் என்ற இலவசச் செயலியால் ஐஎஸ்ஓவை 8 ஜிபி பென்டிரைவில் எழுதலாம். எழுதி முடித்ததும் மேக்ஓஎஸ் இந்த வட்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரு பென்டிரைவைப் பத்துக் குடும்பம் பயன்படுத்தலாம். கோயில் பள்ளிக்கூடத்திலோ நண்பர் கடையிலோ ஒருவர் இறக்கினால் போதும்.

பேட்டரியை முதலில் பாருங்கள்

இதை லினக்ஸ் வழிகாட்டிகள் அதிகம் எழுதுவதில்லை. நம் ஊருக்கோ இதுதான் பெரிய விஷயம்.

பேட்டரி செத்துப்போய், சார்ஜரில் மட்டும் ஓடும் மேக்புக் தன் செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செயலி முழு வேகத்தில் பாயும் நொடிகளில் சார்ஜரால் தர முடியாத மின்சாரத்தை பேட்டரிதான் ஈடுகட்டுகிறது. பேட்டரி இல்லையென்றால் கணினி பட்டென்று அணைந்துவிடும் என்பதால் ஃபர்ம்வேர் கடிவாளம் போடுகிறது. விளைவு, செயலி தன் குறைந்தபட்ச வேகத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். மேக்ஓஎஸ்ஸில் மந்தமாக இருக்கிறதே என்று லினக்ஸ் போடுகிறார்கள், லினக்ஸிலும் அதே மந்தம். இதற்கும் இயங்குதளத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடிவாளத்தை மென்பொருளால் அவிழ்க்கும் தந்திரம் இணையத்தில் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள், சுமை ஏறும்போது எழுதிக்கொண்டிருக்கும் கோப்போடு சேர்ந்து கணினி விழும்.

மேக்ஓஎஸ்ஸின் சிஸ்டம் ரிப்போர்ட்டில் மின்சாரம் என்ற பகுதியில் பேட்டரியின் சுழற்சி எண்ணிக்கை இருக்கிறது. இந்த மாடல்களின் பேட்டரிகள் 1,000 சுழற்சிக்கு வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டியிருந்தாலோ, சர்வீஸ் தேவை என்று காட்டினாலோ மாற்றிவிடுங்கள். 2015, 2017 மாடல் 13 அங்குல ஏருக்கு ஏ1496 என்ற எண்ணுள்ள பேட்டரி, 13 அங்குல 2012 ப்ரோவுக்கு ஏ1322. ஏரின் அடிமூடியில் 10 திருகாணிகள், ஐந்து இதழ் உள்ள பி5 ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பேட்டரிக்கு டார்க்ஸ் டி5. மேல்வரிசையில் சில திருகாணிகள் நீளமானவை. இடம் மாறாமல் காகிதத்தில் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவைத்தால் குழப்பம் வராது. டிராக்பேட் கிளிக் ஆகாமல் இறுகியிருந்தால், அடிமூடி உப்பலாகத் தெரிந்தால், பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்தக் கணினியை அன்றே நிறுத்துங்கள். வீங்கியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

சார்ஜர்: 13 அங்குல 2012 ப்ரோவுக்கு முதல் வகை மேக்சேஃப் (காந்தத்தால் ஒட்டும் முனை), 60 வாட். ஏருக்கு மேக்சேஃப் 2, 45 வாட். அதே முனையுள்ள அதிக வாட் சார்ஜர் போட்டால் கெடுதல் இல்லை. குறைந்த வாட் போட்டால் வேலை செய்துகொண்டே சார்ஜ் ஏறாது. ஆப்பிள் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கி மின்விசிறி தள்ளாடும்போதும் இவை தாங்கிக்கொள்ளும். கெடுப்பது தாழ்ந்த வோல்டேஜ் அல்ல, கரண்ட் திரும்பி வரும் கணத்தில் துள்ளும் வோல்டேஜ். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுவது நல்ல பழக்கம்.

பேட்டரி அடியோடு தீர்ந்துபோனால் இன்னொன்றும் நடக்கும்: கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்காது, அப்டேட்டும் ஓடாது. வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

நிறுவல்

60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ், சார்ஜர் பக்கத்தில். பென்டிரைவைச் செருகி, ஆப்ஷன் விசையைப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். இஎஃப்ஐ பூட் என்ற பெயரில் மஞ்சள் நிற டிரைவ் தெரியும். இரண்டு தெரிந்தால் எது வேண்டுமானாலும். மின்ட்டின் மெனுவில் முதல் வரி. திரை கறுப்பாகவே நின்றால் அணைத்துவிட்டு, அதே மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோடு.

பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். வட்டைத் தொடும் முன் இங்கே ஒரு பத்து நிமிடம் செலவிடுங்கள்: எல்லா விசைகளும் எழுதுகின்றனவா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா. வைஃபை மட்டும் தெரியாது. பயப்பட வேண்டாம், அதற்கு வருகிறேன்.

நிறுவி கேட்கும் கேள்விகளில் யோசிக்க வேண்டியவை சிலவே. மொழியாகத் தமிழ் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எல்லா இடமும் தமிழாகியிருக்காது. பிழை வந்தால் தேடிப் படிக்க ஆங்கில மெனுவே வசதி என்பது என் கருத்து. தமிழில் எழுதுவதற்கும் மெனு மொழிக்கும் தொடர்பில்லை. விசைப்பலகைக்கு ஆங்கிலத்தின் கீழ் மேக்கின்டோஷ் வகை. ஜப்பானிலிருந்து வந்த உடம்பு என்றால், ஸ்பேஸ் விசைக்கு இருபுறமும் ஜப்பானிய எழுத்துள்ள விசைகள் இருக்கும். அதற்கு ஜப்பானிய மேக்கின்டோஷ் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

வட்டைப் பற்றிய கேள்வியில், 128 ஜிபி எஸ்எஸ்டி என்றால் முழுதும் அழித்து நிறுவுங்கள். இரண்டு இயங்குதளத்தையும் வைத்துக்கொண்டால் இரண்டுக்குமே இடம் பற்றாது, நெரிசலில் இரண்டும் திணறும். வெளியே எடுத்துப்போகும் கணினி என்றால் அதே பக்கத்தில் என்கிரிப்ஷனையும் போடலாம். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்க முடியாது, எழுதி வையுங்கள். நேர மண்டலத்தில் ரங்கூனை அழுத்துங்கள். உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால்.

முடிந்து மறுபடி ஆன் செய்தால், வெள்ளைத் திரையில் அரை நிமிடம் நின்ற பிறகே மின்ட் எழும். ஃபர்ம்வேர் இல்லாத மேக்ஓஎஸ்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை ஆப்ஷன் விசையோடு ஆன் செய்து, கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி இஎஃப்ஐ பூட் என்ற டிரைவைத் தேர்ந்தெடுத்தால், அம்புக்குறி வட்டமாக மாறும். அதுவே நிரந்தரத் தேர்வாகிவிடும், காத்திருப்பும் போய்விடும்.

2012 ப்ரோவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நிறுவும்போது வட்டில் எழுத முடியவில்லை என்று பிழை வந்தாலோ, ஆன் செய்ததும் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் தெரிந்தாலோ, உடனே எஸ்எஸ்டியைக் குறை சொல்லாதீர்கள். வட்டையும் போர்டையும் இணைக்கும் தட்டையான கேபிள்தான் அந்த மாடலின் பலவீனம். வட்டைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பாருங்கள்; அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி கேபிள். அடிமூடிக்குப் பிலிப்ஸ் 00, வட்டின் பக்கத் திருகாணிகளுக்கு டார்க்ஸ் டி6. மூடியைக் கழற்றிய கையோடு ரேமையும் கூட்டிவிடலாம்: பிசி3-12800 வகை, 8 ஜிபி இரண்டு போட்டு 16 வரை ஏற்கும். பத்து வருடப் பழைய கணினிக்கு எஸ்எஸ்டியும் ரேமும் தரும் வேகத்தை எந்த இயங்குதளமும் தராது.

வைஃபை

மேக்புக்குகளின் வைஃபை சில்லு பிராட்காம் கம்பெனியுடையது. அதன் டிரைவர் திறந்த மூலம் அல்ல என்பதால் மின்ட் அதைத் தானாக ஏற்றுவதில்லை. புதியவர்கள் கைவிடும் இடம் இதுதான்: வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

ஏரில் இருப்பது பிசிஎம்4360. இதற்கான டிரைவர் நிறுவல் பென்டிரைவிலேயே இருக்கிறது. மின்ட்டுக்குள் நுழைந்ததும் அதே பென்டிரைவைச் செருகி, டிரைவர் மேனேஜரைத் திறங்கள். பிராட்காம் என்ற பெயரில் ஒரு வரி வரும். தேர்ந்தெடுத்து, மாற்றங்களைச் செயல்படுத்தி, கணினியை மறுபடி தொடங்குங்கள். அது வரவில்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குத் தரும் வசதி) ஆன் செய்யுங்கள். மின்ட் அதைக் கம்பி இணையமாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. கேபிள் டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளில் போன் தெரியவே தெரியாது.

2012 ப்ரோவில் இருப்பது பிசிஎம்4331. அதற்கு பி43 என்ற டிரைவரின் ஃபர்ம்வேர் நல்லது. அந்த மாடலில் ஈதர்நெட் துளையே இருக்கிறது, கம்பி செருகியதும் இணையம் வரும்; இல்லையென்றால் போனின் டெதரிங்.

டிரைவர் ஏறியும் இணையாத இடம் ஒன்று உண்டு. பிராட்காமின் அந்த டிரைவர் 2015க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆகவே டபிள்யுபிஏ3 பாதுகாப்பு அதற்குத் தெரியாது. புதிய போன்களின் ஹாட்ஸ்பாட் அந்த வகையில் இருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் டபிள்யுபிஏ2 என்று மாற்றுங்கள், உடனே இணையும்.

சில மாதம் கழித்து ஓர் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போகலாம். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் இந்த டிரைவரைக் கணினி மறுபடி கட்டுகிறது. அப்டேட் நடுவில் அணைந்துபோனால் அந்தக் கட்டுமானம் அரைகுறையாக நிற்கும். தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் வரும் மெனுவில், மேம்பட்ட விருப்பங்களுக்குள் பழைய கெர்னல் இருக்கும். அதில் நுழைந்தால் வைஃபை வந்துவிடும். பிறகு டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள். இதனால்தான் பழைய கெர்னல்களில் ஒன்றையாவது அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

அப்டேட்டுக்கு முன் மென்பொருள் மூலங்கள் பகுதியில் மிரரை (பொதிகளை இறக்கும் சர்வர்) மாற்றுங்கள். அது வேகத்தை அளந்து பட்டியலிடும். மேலே நிற்பதை எடுங்கள். இறக்கிய பொதிகள், அவற்றை நிறுவும் கருவியான ஏபிடியின் கேஷ் ஃபோல்டரில் தங்கும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்து, அதே மின்ட் பதிப்பு ஓடும் தங்கை வீட்டுக் கணினியின் அதே ஃபோல்டரில் போட்டால், அங்கே மறுபடி இறக்க வேண்டியதில்லை.

சில்லறைக் கோளாறுகள்

சித்திரை வெயிலில் ஏர் கொதிக்கும், விசிறியோ தாமதமாக எழும். மென்பொருள் மேலாளரில் எம்பிபிஃபேன் என்று தேடி நிறுவினால், வெப்பத்துக்கு ஏற்ப விசிறியை முன்கூட்டியே சுற்றவிடும். மூடியதும் தூங்காமல் உடனே விழித்துக்கொண்டால், காரணம் யுஎஸ்பி கட்டுப்படுத்தி தரும் விழிப்புக் குறிப்பு. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஏசிபிஐயின் விழிப்புப் பட்டியலில் எக்ஸ்ஹெச்சி1 என்பதை முடக்க வேண்டும். ப்ரோவின் ஹெட்போன் துளையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது ஒளிவழி ஒலி வெளியீடு, ஆல்சா மிக்சரில் எஸ்பிடிஐஎஃப் வரியை மியூட் செய்தால் அணையும். 2012 ப்ரோவின் கேமரா உடனே ஓடும். ஏரின் கேமராவுக்கு வெளியிலிருந்து டிரைவர் கட்டி, ஃபர்ம்வேரையும் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், கெர்னல் மாறினால் அதுவும் சிக்கும். சென்னை உறவினரோடு வீடியோவில் பேசப் போனே போதும் என்பவர்கள் அதைத் தொட வேண்டாம். பேட்டரி, மேக்ஓஎஸ்ஸில் நின்றதைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் அதற்குப் பலன் தரும் மருந்து.

தமிழும் பர்மியமும்

கோயில் திருவிழா அழைப்பிதழ் ஒரே தாளில் தமிழிலும் பர்மியத்திலும் போகிறது. ஆகவே இரண்டு மொழியும் ஒழுங்காக ஓடாத கணினி நமக்கு முழுக் கணினி ஆகாது.

மின்ட்டின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 இருக்கிறது. ஆனால் அது விசைக்கு ஓர் எழுத்து என்று தருவதோடு சரி. மெய்க்குத் தானாகப் புள்ளி வைப்பது போன்ற தமிழ்99 விதிகளை அது அறியாது. அவை வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, உள்ளீட்டு முறையை ஐபஸ் என்று மாற்றி, வெளியேறி நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99ஐச் சேருங்கள். ஒலிபெயர்ப்பில் தட்டச்சு செய்பவர்களுக்கு அங்கேயே ஃபொனெட்டிக் இருக்கிறது. அதே பட்டியலில் பர்மியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமாண்ட் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும்.

பர்மியத்தில் இரண்டு வகை காட்டும்: வெறும் பர்மியம், பர்மிய ஸௌஜி. முதலாவதையே எடுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யுனிகோடுக்கு மாறிவிட்டது. பழைய அழைப்பிதழ்கள் ஸௌஜியில் தட்டச்சு செய்தவையாக இருக்கும். ஸௌஜி, யுனிகோடின் அதே எண்களை வேறு எழுத்து வடிவங்களுக்குப் பயன்படுத்தியது. அதனால் யுனிகோடு எழுத்துருவில் திறந்தால் பார்க்கப் பர்மியம் போலவே இருக்கும், படித்தால் பொருள் வராது. தமிழில் பாமினி எழுத்துருக் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதால் உடனே பிடிபட்டுவிடும். ஸௌஜி அப்படி இல்லை, அச்சான பிறகுதான் தெரியும். இரண்டையும் மாற்றிகளில் போட்டு யுனிகோடாக்கி, பர்மியம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் சேமியுங்கள்.

எழுத்துருவும் மாறும். மேக்கில் தமிழுக்கு வந்த இணைமதி, தமிழ் சங்கம் எம்என், பர்மியத்துக்கு வந்த மியான்மர் எம்என் எல்லாம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தவை. அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். அவை மேக்ஓஎஸ்ஸோடு போய்விடும். லினக்ஸில் நோட்டோ தமிழ், நோட்டோ மியான்மர், படௌக் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்தின் அகலம் வேறு என்பதால் பழைய ஆவணங்களில் வரி உடையும் இடம் நகரும். ஒரு பக்க அழைப்பிதழ் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்திருக்கிறதா என்று அச்சுக்கு முன் பாருங்கள். பிடிஎஃப் எடுக்கச் சொன்னது இந்த ஒப்பீட்டுக்கும்தான்.

கடைசியாக ஒன்று, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு. மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, பெயரில் வரும் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை உடைத்துச் சேமிக்கும். கோ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்காமல், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாக எழுதும். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்ஓஎஸ் இரண்டையும் ஒன்றாகக் கருதும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். அதனால் கோயில் கணக்கு என்ற ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கும், தேடினால் கிடைக்காது; அதே பெயரில் இன்னொரு ஃபோல்டரைக்கூட உருவாக்க விடும், கணக்கு இரண்டாகப் பிரிந்துபோகும். கான்வ்எம்வி என்ற சின்னக் கருவியை நிறுவி, யுடிஎஃப்-8லிருந்து யுடிஎஃப்-8க்கு, என்எஃப்சி (குறிகளை ஒன்றாகச் சேர்த்த) வடிவில் என்று கொடுத்து, எல்லா ஃபோல்டரிலும் ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தில் என்ன மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, உண்மையில் மாற்றும் விருப்பத்தோடு இரண்டாம் முறை ஓட்டுங்கள். கோயில் என்று தேடி அந்த ஃபோல்டர் வந்த பிறகு எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைக் கழற்றி, மேக்ஓஎஸ் பென்டிரைவோடு அதே பெட்டியில் வைத்துவிடலாம்.